பாதியில் நின்ற படமும் பாக்கி நின்ற கூலியும்

மேதைகளைப் பற்றிய ஆவணப்படங்களில் ஒரு தனி ரகம் உண்டு. இயக்குநருக்கு வயதாகிவிட்டது. கையில் காசில்லை. ஸ்டுடியோக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆனாலும் மனிதர் ஒரு படத்தை முடித்தே தீருவது என்று நிற்கிறார். அவரைச் சுற்றி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு சில இளைஞர்கள். படம் முடிவதில்லை. அவர் செத்துப்போகிறார். பின்னணியில் இசை எழும்ப, பார்க்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ரகத்தில் பேர்பெற்ற ஒன்றை எங்கள் வாசிப்பு வட்டத்தில் போட்டுப் பார்த்தோம். மார்கன் நெவில் இயக்கி, 2018 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தே வில் லவ் மீ வென் ஐ ஆம் டெட்’. ‘நான் செத்த பிறகு என்னைக் கொண்டாடுவார்கள்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ‘சிட்டிசன் கேன்’ எடுத்த ஆர்சன் வெல்ஸ், தன் கடைசி 15 வருட வாழ்க்கையில் ‘தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்’ என்ற படத்தோடு எப்படி மல்லுக்கட்டினார் என்பதுதான் கதை. பார்த்தவர்களில் பாதிப் பேர் உருகிப்போனார்கள். மீதிப் பேருக்கு ஒரு கேள்வி: அந்த இளைஞர்களுக்கெல்லாம் சம்பளம் யார் கொடுத்தது?

சினிமா தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். நம்மூரில் உலக சினிமா பேசுகிற எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். வெல்ஸின் கேமரா கோணம் இருக்கும், ஆழக்குவியம் இருக்கும், ஹாலிவுட் அவருக்குச் செய்த துரோகம் பக்கம் பக்கமாக இருக்கும். கூலிக் கணக்கு இருக்காது. எங்களுக்கு அதுதான் முதல் கேள்வியாகத் தெரிகிறது.

முதலில் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1970இல் வெல்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஜேக் ஹன்னஃபோர்டு என்ற வயதான இயக்குநரின் 70ஆவது பிறந்தநாள் விருந்து. அவரும் ஒரு படத்தை முடிக்க முடியாமல் தவிக்கிறார். ஹன்னஃபோர்டாக நடித்தவர் ஜான் ஹூஸ்டன். சீடனாகவும் எதிராளியாகவும் இருக்கிற இளம் இயக்குநராக பீட்டர் போக்டனோவிச். படப்பிடிப்பு விட்டு விட்டு 1976 வரை இழுத்தது. பணம் பல இடங்களிலிருந்து வந்தது. முக்கியமாக ஈரான் மன்னர் ஷாவின் மைத்துனர் மெஹ்தி பூஷேஹ்ரியின் பாரிஸ் நிறுவனம் போட்டது. நடுவில் ஒரு பங்காளி பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று வெல்ஸ் தரப்பு குற்றம்சாட்டியது. 1979இல் ஈரானில் புரட்சி. நெகட்டிவ் பாரிஸில் ஒரு பாதுகாப்பு அறையில் முடங்கியது. 1985இல் வெல்ஸ் இறந்தார். பல வருட வழக்கு, பேரத்துக்குப் பிறகு 2017இல் 1083 ரீல்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தன. சுமார் 100 மணி நேரக் காட்சிகளிலிருந்து வேறு ஆட்கள் படத்தைத் தொகுத்து முடித்தார்கள். ஆவணப்படம் வெளியான அதே நாளில் அந்தப் படமும் வெளியானது.

வெல்ஸை வில்லனாக்க நாங்கள் வரவில்லை. 20 வயதில், 1936இல், ஹார்லெமின் லாஃபயட் அரங்கில் முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து ‘மேக்பெத்’ நாடகத்தை மேடையேற்றியவர் அவர். 1946இல் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பின ராணுவ வீரர், போரிலிருந்து திரும்பி, சீருடையோடு பேருந்தில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். தெற்கு கரோலினாவில் போலீஸ் அவரை அடித்து இரண்டு கண்ணையும் குருடாக்கியது. வெல்ஸ் வாராவாரம் வானொலியில் அதைப் பேசினார். அடித்த அதிகாரி யார் என்று பேர் சொல்லும்வரை விடவில்லை. அந்த அதிகாரியை வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது வேறு கதை. வெல்ஸ் வுடார்டுக்காகப் பேசத் தொடங்கிய அதே 1946 ஜூலை வாக்கில்தான் அண்ணல் அம்பேத்கர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வில் கொடுத்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். அந்தக் காலத்து வெல்ஸ் நம் பக்கத்து மனிதர் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஹாலிவுட் அவரை நசுக்கியதும் உண்மை. 1975 பிப்ரவரியில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. அந்த மேடையிலேயே முடியாத படத்தின் காட்சிகளைப் போட்டுக்காட்டி, முடிக்க உதவி தேடினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். பணம் வரவில்லை. மாலை போடுவார்கள், கை கொடுக்க மாட்டார்கள். இது நமக்கும் தெரியாத வித்தை இல்லை.

ஆனால் இத்தனையும் சொன்ன பிறகும் கேரி கிரேவர் பாக்கி இருக்கிறார்.

கிரேவர் ஒரு ஒளிப்பதிவாளர். மலிவான திகில் படங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1970இல் வெல்ஸ் ஊருக்கு வந்திருப்பது தெரிந்து, தானே ஹோட்டலுக்கு போன் போட்டு, உங்களோடு வேலை செய்ய வேண்டும் என்றார். இதற்கு முன் அப்படித் தானாக வந்து கேட்ட ஒரே ஒளிப்பதிவாளர் ‘சிட்டிசன் கேன்’ எடுத்த கிரெக் டோலண்ட்தான் என்று வெல்ஸ் சொன்னாராம். அந்த ஒரு பேச்சு போதாதா ஒரு இளைஞனைக் கட்டிப்போட? அதற்குப் பிறகு 15 வருடம், வெல்ஸ் எப்போது கூப்பிட்டாலும் கிரேவர் போனார். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே? கிடைத்த மலிவுப் படங்களையெல்லாம் எடுத்தார். ராபர்ட் மெக்கல்லம் என்ற வேறு பெயரில் ஆபாசப் படங்கள் எடுத்தார், ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கும் மேல். அப்படி ஒரு படத்தின் வேலை முடியாமல் கிரேவர் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவரைச் சீக்கிரம் விடுவித்துத் தன் வேலைக்கு இழுத்துக்கொள்வதற்காக வெல்ஸே உட்கார்ந்து அதில் ஒரு காட்சியை எடிட் செய்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. சினிமா ரசிகர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை. ஒரு தொழிலாளி தன் முதலாளியிடம் இலவசமாக உழைப்பதற்காக இன்னொரு இடத்தில் கூலிக்குப் போகிறார் என்பதுதானே இந்த நகைச்சுவை?

கிரேவர் மட்டுமல்ல. படக்குழுவினர் தங்களுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: ‘ஆர்சன் வெல்ஸ் சேவைக்கான தொண்டர்கள்’. அரசாங்கத்தின் ஏழ்மை ஒழிப்புத் தொண்டர் திட்டத்தின் பெயரைக் கிண்டலடித்து வைத்தது. எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் வெளிப்புற அரங்கில் படமெடுக்க வாடகை கட்டுப்படியாகவில்லை என்று எல்லோரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சினிமா மாணவர்களாக நடித்தார்கள். வெல்ஸை ஒரு வேனுக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கேட்க ருசியான கதை. அந்தக் கூட்டத்தில் ஃபிராங்க் மார்ஷலும் இருந்தார். பின்னாளில் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ தயாரித்துப் பெரிய ஆளானவர். 2018இல் இந்தப் படத்தை முடித்துக் கொடுத்த தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். ஏணியில் ஏறியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பட்டினியை இனிப்பாகச் சொல்கிறார்கள். ஏறாமல்போனவர்கள் எத்தனை பேர், என்ன ஆனார்கள் என்பதை எந்த ஆவணப்படம் சொல்லும்?

இன்னொரு கதையையும் கேளுங்கள். ‘சிட்டிசன் கேன்’ திரைக்கதைக்காக வெல்ஸுக்குக் கிடைத்த ஆஸ்கர் சிலை கிரேவர் கையில் இருந்தது. சம்பளத்துக்குப் பதிலாக வெல்ஸ் தனக்குக் கொடுத்தது என்றார் கிரேவர். 1994இல் அதை 50,000 டாலருக்கு விற்றார். வெல்ஸின் மகள் வழக்குப் போட்டார். சிலை மகளுக்கே என்று தீர்ப்பானது. பிறகு பல கை மாறி, 2011 டிசம்பரில் அது 8,61,542 டாலருக்கு ஏலம் போனது. சொத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதற்குள் நாங்கள் போகவில்லை. வாரிசு யார் என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 15 வருட உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். வெல்ஸ் செத்த பிறகும் 20 வருடம் கிரேவர் அந்தப் படத்தை முடிக்க ஆள் ஆளாகத் தேடி அலைந்தார். 2006இல் புற்றுநோயில் இறந்தார். படம் வெளியாக இன்னும் 12 வருடம் இருந்தது.

ஆவணப்படம் கிரேவரை மறைக்கவில்லை. காட்டுகிறது, பரிவோடுதான் காட்டுகிறது. எங்கள் சண்டை அந்தப் பரிவோடுதான். கூலி பாக்கியை அது காதல் கதையாக மாற்றிவிடுகிறது. எப்பேர்ப்பட்ட விசுவாசம், எப்பேர்ப்பட்ட அர்ப்பணிப்பு என்று நாமும் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது கூர்மையாக வேண்டும். பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்குக் கிடைத்த பட்டமும் அதுதானே? எங்க வீட்டு ஆள், விசுவாசமானவன்.

கிரேவர் ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு வேறு வேலை கிடைத்தது, எப்போது வேண்டுமானாலும் விலகிப்போகிற உரிமை இருந்தது. பண்ணையடிமையாக இருந்த நம் பாட்டனுக்கு அந்த உரிமை இல்லை. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அது பொய். சொல்ல வருவது வேறு: ஒருவனைக் கட்டிப்போட்டு வேலை வாங்குவதற்கும் மயக்கி வேலை வாங்குவதற்கும் முறை வேறு, உழைப்பின் பலன் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பார்த்தால் இரண்டிலும் பதில் ஒன்றுதான்.

இன்னொன்று எங்களை உறுத்துகிறது. இதே மார்கன் நெவில்தான் 2013இல் ‘ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ எடுத்தார். பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று பாடிய, பெரும்பாலும் கறுப்பினப் பெண்களான பின்னணிக் குரல்காரர்களைப் பற்றியது. யார் குரல், யார் பெயரில் விற்றது என்பதை அழகாகக் கேட்ட படம். ஆஸ்கரும் வாங்கியது. பின்னால் நிற்பவர்களைப் பார்க்கத் தெரியாதவர் அல்ல அவர். ஆனால் மேதை ஒருவர் சட்டகத்துக்குள் வந்ததும் கேமரா தானாக அவர் பக்கம் திரும்பிக்கொள்கிறது. இது ஒரு தனிமனிதரின் பிழை அல்ல. இந்த ரகப் படங்களின் இலக்கணமே அப்படி.

‘யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லையே, தானே விரும்பித்தானே போனார்?’ என்று எங்கள் வட்டத்திலேயே ஒரு தம்பி கேட்டார். சரியான கேள்வி. நாங்கள் அதைத் திருப்பிக் கேட்கிறோம்: விரும்பி இலவசமாக உழைக்க யாரால் முடியும்? கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகச் சேர்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு நடக்கிற நாளில் பேட்டா. கதை விவாதம் என்று மாதக்கணக்கில் ஓடுகிற நாட்களுக்குச் சாப்பாடும் டீயும். மேன்ஷன் அறை வாடகைக்கு ஊரிலிருந்து யாராவது பணம் அனுப்ப வேண்டும். அனுப்ப நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கும். காலனியிலிருந்து வந்த பிள்ளை ஆறாவது மாதம் ஏதாவது கம்பெனி வேலைக்குப் போய்விடும். பிறகு அதை ‘ஆர்வம் போதவில்லை’ என்பார்கள். சினிமாவில் நம் ஆட்கள் ஏன் குறைவு என்று கருத்தரங்கம் போடுகிறவர்கள் இந்த ஆறு மாதக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

வணிக சினிமாவை மட்டும் சொல்லவில்லை. நம் வாழ்க்கையைப் படமெடுக்க வருகிறவர்களைச் சொல்கிறோம். எங்கள் வட்டத்தில் ஒரு தங்கை இருக்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க மூத்த இயக்குநர் ஒருவர் வந்தார். தங்கை எட்டு மாதம் கூட நின்றார். வீடு வீடாக அழைத்துப்போனது, புதிய ஆட்களிடம் பேச மறுத்த பெண்களைப் பேசவைத்தது, 40 மணி நேரப் பதிவை எழுத்தாக்கியது, அதை மொழிபெயர்த்தது எல்லாம் அவர்தான். குழுவுக்குப் பல நாள் அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. ‘இது நம்ம மக்களுக்கான படம்மா, காசைப் பத்தி யோசிக்காத’ என்றாராம் இயக்குநர். படம் வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது. அதில் தங்கையின் பெயர் ‘நன்றி’ என்ற தலைப்புக்குக் கீழே, டீக்கடைக்காரர் பெயருக்கு அடுத்து வருகிறது. நன்றி என்பது உதவி செய்தவருக்குச் சொல்வது. வேலை செய்தவருக்கு வேலையின் பெயரைப் போட வேண்டும்: ஆராய்ச்சி, மொழிபெயர்ப்பு, உதவி இயக்கம்.

அண்ணல் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. மதத்தில் பக்தி ஒருவேளை ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய்விடும் என்று எச்சரித்தார். கலையை அவர் அன்று தனியாகச் சொல்லவில்லை. ஆனால் படப்பிடிப்புத் தளத்தைவிடப் பக்தி செழித்து வளர்கிற இடம் இந்த நாட்டில் கோயிலும் கட்சி அலுவலகமும்தான். குருவே, மாஸ்டரே, ஆசானே என்று கூப்பிட்டுப் பழகிய வாய் கூலியைக் கேட்காது. கேட்டால் தட்சிணை பாக்கி இருக்கிறது என்பார்கள். ஏகலைவன் கட்டைவிரலின் கதை நமக்குத் தெரியும்.

இப்போது படத்துக்குள் படமாக வருவதைப் பார்ப்போம். ஹன்னஃபோர்டு எடுத்துக்கொண்டிருக்கிற படத்தின் நாயகியாக நடித்தவர் ஓயா கோடார். குரோஷியாக்காரர், வெல்ஸின் துணைவி, திரைக்கதையை வெல்ஸோடு சேர்ந்து எழுதியவர். (பத்திரிகைகள் அவரை எழுத்தாளர் என்று சொல்வதற்கு முன்னால் காதலி என்று சொல்லிவிடும். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) அவர் ஏற்றிருக்கிற பாத்திரம் அமெரிக்கப் பழங்குடிப் பெண். ஐரோப்பியப் பெண், பழங்குடி வேடம். அவருக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது, நிறைய இடத்தில் உடையும் கிடையாது. விருந்தில் ஹன்னஃபோர்டும் கூட்டாளிகளும் அவரை ‘போகஹான்டாஸ்’ என்றும் ‘மின்னிஹாஹா’ என்றும் கூப்பிட்டு நக்கலடிக்கிறார்கள். வெல்ஸ் ஹன்னஃபோர்டைப் போற்றவில்லை, அம்பலப்படுத்துகிறார் என்பார்கள் விமர்சகர்கள். ஒப்புக்கொள்கிறோம். ஹன்னஃபோர்டின் ஆணவமும் இனவெறியும் படத்தில் கிழிபடுகின்றன. ஆனால் கிழிப்பதற்காகவாவது ஒரு பழங்குடிப் பெண்ணின் வாயில் நாலு வரி வைக்கலாம் என்று தோன்றவில்லையே?

அந்த ஆண்டை நினைவுபடுத்துகிறோம். 1970 ஆகஸ்டில் வெல்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் கேமராவை முடுக்கியபோது, அதே கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில், அல்காட்ராஸ் தீவு பழங்குடிகளின் கையில் இருந்தது. கைவிடப்பட்ட அந்தச் சிறைத்தீவில் 1969 நவம்பர் 20 அன்று இறங்கி, இது எங்கள் நிலம் என்று அறிவித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். 19 மாதம் பிடித்து வைத்திருந்தார்கள். படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருந்த 1973இல் வூண்டட் நீயில் 71 நாள் முற்றுகை. ஒரு மக்கள் கூட்டம் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில், அதே மாநிலத்தில் தொடங்கிய ஒரு நவீன சினிமாவில் அவர்களுடைய பெண்ணுக்குப் பெயர் இல்லை. ஆவணப்படத்தின் கண்ணுக்கு இது ஒரு விஷயமாகப் படவில்லை. அது ஓயாவின் அழகையும் கார் காட்சியின் துணிச்சலையும் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வெல்ஸ் முடிக்காமல்விட்ட படங்கள் பல. அவற்றில் நம்மை அதிகம் தொட வேண்டியது இது அல்ல என்பது எங்கள் கருத்து. 1942க்குப் போக வேண்டும், பிரேசிலுக்கு.

பிரேசிலின் வடகிழக்கில் ஃபோர்ட்டலேசா கடற்கரை. அங்கே மீனவர்கள் மரக்கட்டைகளைச் சேர்த்துப் பாய் கட்டிய ‘ஜங்காடா’வில் கடலுக்குப் போவார்கள். நம் கட்டுமரத்தின் சொந்தக்காரன். சொல்லே நம் பக்கத்திலிருந்து போனதுதான்: மலையாளத்து ‘சங்ஙாடம்’ போர்த்துகீசியர் வாயில் ஜங்காடாவாகி பிரேசிலுக்குக் கப்பலேறியது. பிடித்த மீனில் பாதி கட்டுமரத்தின் சொந்தக்காரருக்குப் போகும். மீனவருக்கு ஓய்வூதியமில்லை, கடலில் செத்தால் மனைவிக்கு ஒன்றுமில்லை. 1941இல் நான்கு பேர் ஒரு கட்டுமரத்தில் ஏறினார்கள். தலைவர் மானுவேல் ஒலிம்பியோ மெய்ரா, ஊரார் கூப்பிடுவது ஜகரே. திசைகாட்டிகூட இல்லாமல் 61 நாள் கடலில் வந்து, அன்றைய தலைநகர் ரியோ டி ஜெனிரோவில் இறங்கி, ஜனாதிபதி வர்காஸிடம் நேரில் மனுக் கொடுத்தார்கள். மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமை மீனவருக்கும் உண்டு என்று ஆணை பெற்றார்கள். மனுவைத் தபாலில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்ற அனைவருக்கும் தெரியும்.

‘டைம்’ பத்திரிகையில் இந்தச் செய்தியைப் படித்த வெல்ஸ், ‘இட்ஸ் ஆல் ட்ரூ’ என்ற தன் பிரேசில் படத்தில் இதைச் சேர்த்தார். அந்த நால்வரையே நடிக்க அழைத்தார். 1942 மே 19 அன்று, ரியோவுக்குள் அவர்கள் வந்து சேர்ந்த காட்சியை மறுபடி எடுக்க ஏற்பாடு நடந்தபோது கட்டுமரம் கவிழ்ந்தது. மூன்று பேர் கரை சேர்ந்தார்கள். ஜகரே வரவில்லை. 61 நாள் திறந்த கடல் கொல்லாத மனிதரை ஒரு படப்பிடிப்பு கொன்றது.

வெல்ஸ் உடைந்துபோனார் என்பதில் சந்தேகமில்லை. சின்னக் குழுவோடு, ஒலிப்பதிவு வசதிகூட இல்லாமல் ஃபோர்ட்டலேசா போய், அந்த மக்களோடு இருந்து, ஜகரேக்கு அஞ்சலியாக அந்தப் பகுதியை எடுத்தார். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ நிறுத்திவிட்டது. ஸ்டுடியோவுக்கு ஏற்கெனவே வேறு ஒரு எரிச்சல் இருந்தது: ரியோ திருவிழாவை எடுக்கப் போன வெல்ஸ், குடிசைப் பகுதிகளையும் கறுப்பின மக்களையும் அதிகம் எடுக்கிறார் என்று ஆர்.கே.ஓ.வின் தயாரிப்பு மேலாளரே பிரேசில் அரசின் பிரச்சாரத் துறைக்குப் புகார்க் கடிதம் எழுதியிருக்கிறார். ஆக அந்தப் படம் பாதியில் நின்றதற்கு நிறவெறியும் ஒரு காரணம். வெல்ஸின் வீழ்ச்சி என்று எழுதுகிறவர்கள் பணம் வீணானதையும், ஊரில் இல்லாதபோது அவருடைய இன்னொரு படம் வெட்டப்பட்டதையும் எழுதுகிறார்கள். ஜகரே அதில் ஒரு வரி. சில நேரம் பெயர்கூட இல்லை, ‘ஒரு மீனவர்’.

எரிந்துபோயிற்று, கடலில் கொட்டிவிட்டார்கள் என்றெல்லாம் பேசப்பட்ட அந்தப் படச்சுருள்களில் ஒரு பகுதி 1980களில் ஸ்டுடியோ கிடங்கில் கிடைத்தது. 1993இல் மூன்று இயக்குநர்கள் சேர்ந்து அதை வைத்து ஒரு ஆவணப்படம் செய்தார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்டு வில்சன் 1942இல் வெல்ஸோடு பிரேசிலில் இருந்தவர். அதில் ஃபோர்ட்டலேசாவின் ஆட்களே பேசுகிறார்கள். மீனவர் பகுதி கடைசியில் முழுசாக வருகிறது: வசனமில்லாமல், மணலும் பாயும் கட்டுமரமும், சவ ஊர்வலத்தில் மேடேறிப் போகிற ஜனங்களுமாக. பேர்பெற்ற நடிகர் ஒருவர்கூட இல்லை. 2018 ஆவணப்படத்தில் வெல்ஸ் எவ்வளவு பெரியவர் என்று ஒன்றரை மணி நேரம் சொல்கிறார்கள். எங்களுக்கு அவர் பெரியவராகத் தெரிந்தது இந்த மீனவர் பகுதியில்தான். தன்னைப் பற்றி எடுக்காதபோது.

அடுத்த திரையிடலுக்கு இதைத்தான் எடுத்திருக்கிறோம். தமிழ் வசன வரிகளை இரண்டு பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். நிமிடக் கணக்கில் பேசி, திரையிடல் வசூலிலிருந்து அவர்களுக்குக் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தொகை சின்னதுதான்.

படமெடுக்கப் போகிற, படக்குழுவோடு ஊருக்குள் போகிற தம்பி தங்கைகள் முதல் நாளே கேளுங்கள். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு, பெயர் எப்படி வரும். வாட்ஸப்பிலாவது எழுதி வாங்குங்கள். ‘மக்களுக்கான படத்துக்குக் காசு கேட்கிறாயா?’ என்று கேட்டால், கேமரா வாடகைக்காரருக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் அம்மா சமைத்துப் போட்டால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

தங்கையின் எட்டு மாதத்துக்கான கணக்கை நாங்கள் உட்கார்ந்து போட்டோம். எழுத்தாக்கம், மொழிபெயர்ப்பு, களப்பணி நாட்கள், 23 நாள் சாப்பாடு. படத்தில் பெயரை மாற்றிப் போடக் கோரும் கடிதத்தோடு இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அவர் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் வந்ததும் இங்கே போடுகிறோம்.